மலைமேல் உள்ள உறவுமொழிகள்

பஞ்சாலைகள் பெருகிய நாளில் பிழைப்பு நாடிப் பல மொழியினரும் வந்து குடியேறிய ஊர் சிங்காநல்லூர். இன்றும் அவ்வூர்த் தெருக்களில் காதுக்குப் பெயர் ஒன்றன்று. தமிழர் பேச்சில் காது என்பர். ஏட்டில் செவி என எழுதுவர். தெலுங்கு பேசுவோர்க்கும் அது செவியே. கன்னடம் பேசும் நெசவாளர் வீட்டில் அது 'கிவி'. செவியும் கிவியும் ஒருவேர்ச் சொற்கள் என்பதனை உணரப் பெரும்புலமை வேண்டுவதில்லை. ஆயின், அவ்வேரின் மற்றொரு கிளை, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் சில மணிநேரத்தில் எட்டக்கூடிய நீலமலையில் உண்டு என்பதனை அறிந்தோர் மிகச் சிலரே. அங்கு வாழும் கோத்தர் அதனைக் 'கெவ்' என்பர். தோடர் மொழியிலும் அச்சொல் ககரத்திலேயே தொடங்குகின்றது.

செவி முந்தியதா, கெவ் முந்தியதா? ககரமே முந்தியது என்பது ஒப்பியல் அறிஞர் முடிபு. இகர எகரங்களோடு கூடிய ககரம் தமிழில் சகரமாய்த் திரிந்தது. கன்னடத்துக் 'கேரி' தமிழில் சேரி. கன்னடத்துக் 'கெம்பு' தமிழில் செம்மை. அடுத்து டகர ணகர ழகர ளகரங்கள் வந்தவிடத்துத் தமிழ்க் ககரம் அசையாது நின்றது. கெடு, கெண்டை, கிழங்கு, கேள் என்பவற்றைக் காண்க. தெலுங்கில் அத்தடையும் இல்லை. கெடு என்பதே அங்குச் 'செடு' ஆயிற்று.

தமிழின் தொன்மையைப் போற்றுவோர் இதனைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டா. ஒரு குடும்பத்தின் பழஞ்செல்வம் முழுவதும் தலைமகள் வீட்டிலேயே இருப்பதில்லை. கடைமகள் வீட்டுப் பேழையிலும் அணிகலன் ஒன்றிரண்டு கிடக்கும். அப்பேழை இன்று பறிபோகின்றது என்பதே இங்குச் சொல்ல வேண்டுவது.

மொழி எவ்வாறு சாகின்றது என்பதற்கு ஞாலத்தில் எடுத்துக்காட்டுகள் பல. அவற்றுள் ஒன்று, உருசிய நாட்டின் வடமேற்கே பின்லாந்து வளைகுடாக் கரையில் வழங்கிய வோத்தியம். அது பின்லாந்து மொழிக்கும் எசுத்தோனிய மொழிக்கும் உடன்பிறந்தது. தமிழுக்கும் அதற்கும் எவ்வகை உறவும் இல்லை. எனினும், மேற்சொன்ன ககரத் திரிபு அங்கும் நிகழ்ந்திருக்கின்றது. பின்லாந்து மொழியில் கல்லுக்குக் 'கிவி' என்று பெயர். வோத்தியத்தில் அது, சகரத்தை வல்லொலியாய்ச் சொல்ல, 'சிவி'. (கன்னடத்துக் கிவியை அது ஒத்திருப்பது தற்செயலே. இதனைப் பிடித்துக்கொண்டு தமிழ் வடமுனை வரை சென்றதென எவரும் கட்டுரை வரைய முற்பட வேண்டா.)

வோத்தியத்திற்கு ஆல்க்விசுட்டு என்னும் பின்லாந்து அறிஞர் இலக்கணம் எழுதி வெளியிட்டது 1856இல். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததும் அவ்வாண்டே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் எடுத்த கணக்கில் வோத்தியர் ஐயாயிரவர்க்குச் சற்று மேற்பட்டிருந்தனர். 2010ஆம் ஆண்டு உருசியக் கணக்கெடுப்பில் தம்மை வோத்தியர் எனச் சொன்னோர் 64 பேர். அவருள்ளும் மொழியைப் பேசவல்லார் ஒருசில முதியோரே. 1943இல் போர்க்காலத்தில் அவர்கள் பின்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டதும், மீண்டபின் சிதறடிக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் போர் மட்டும் அம்மொழியைக் கொல்லவில்லை. பள்ளியும் வேலையும் அங்காடியும் உருசிய மொழியில் நடந்தன. பெற்றோர் தம் மொழியைப் பிள்ளையிடம் பேசாது விட்டனர். அவ்வளவே.

இனி நீலமலைக்கு வருவோம். கால்டுவெல் தம் நூலில் தோடத்தையும் கோத்தத்தையும் திராவிட மொழிகளாகவே கணக்கிட்டார். ஆயின் 'திருந்தா மொழிகள்' என்னும் வரிசையில் வைத்தார். எழுத்தும் ஏடும் இல்லாமையை நோக்கி வைத்த பெயர் அது. மொழியின் குறை குறித்ததாகக் கொண்டால் அது பெரும்பிழை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி இம்மொழிகளைச் செவிமடுத்து எழுதிய பேராசிரியர் எமனோவின் கோத்த உரைத்தொகுதிகளையும், 1984இல் வெளிவந்த தோட இலக்கணத்தையும் ஒருமுறை புரட்டினால் அது விளங்கும்.

தோடத்தில் குறில் எட்டு, நெடில் எட்டு. தமிழின் ஆகாரம் அங்குப் பெரும்பாலும் ஓகாரமாய் நிற்கும். ஆள் என்பது ஓள். தோடர் தம்மைக் குறிக்கும் பெயரும் அதுவே. கண் அங்குக் கொண்; கை அங்குக் கொய். நாயை நோய் என்பர். தமிழர் நகைக்க வேண்டா, வீட்டு நாயை அவர்கள் அன்போடே அழைக்கின்றனர். பால் என்பது 'போசு' என்பதன் இறுதி உகரத்தை நீக்கினாற்போல ஒலிக்கும். லகரம் அங்ஙனம் உரசொலியாய் மாறிய வழி எது என ஆராய்வார்க்கு அச்சொல் ஒன்றே பெருவிருந்து.

இவற்றினும் வியப்புடையது அவர்தம் ரகர இனம். நா அதிர்ந்து பிறக்கும் ஒலிகள் அங்கு மூன்று. ஒவ்வொன்றும் யகரச் சாயல் பெற்றும் பெறாதும் வர, ஆறு. தமிழில் இரண்டே. றகரம் நுனிநா ஒற்றுவதாலும் ரகரம் வருடுவதாலும் பிறப்பன எனத் தொல்காப்பியம் தெளிவாய்ப் பிரித்தது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எத்தனை மாணவர் அரையையும் அறையையும் வேறுபடுத்தி ஒலிக்கின்றனர்? எழுத்தில் காத்துப் பேச்சில் இழந்தது தமிழினம். எழுத்தே இல்லாத தோடர் நாவில் மூன்றும் பிழையின்றி வாழ்கின்றன. திருந்தாதது எது?

தோடர் பாட்டு மூவசைத் தொடர்கள் இணையிணையாய் அடுக்கிவர அமைவது. பாடுவார் அவ்வப்போதே கட்டிப் பாடுவர். எருமை, பால்மனை, மலைமுகடு, மாண்டவர் சிறப்பு ஆகியனவே பெரும்பாலும் பொருள். எமனோ அப்பாடல்களைத் தொகுத்து 1971இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

நிற்க. இவை நலிந்த வரலாற்றில் கொங்குநாட்டிற்கும் பங்கு உண்டு. கோவை மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த சல்லிவன் 1819இல் மலையேறினார். சாலை வந்தது, தோட்டம் வந்தது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் தொடர்வண்டி வந்தது. அவற்றோடு சமவெளித் தமிழரும் சென்றனர். முன்னாளில் கோத்தர் இரும்புக் கருவியும் கலமும் செய்து கொடுத்தனர். தோடர் நெய் கொடுத்தனர். படகர் தவசம் கொடுத்தனர். கொடுக்கல் வாங்கலில் ஒருவர் மொழி மற்றவர் மொழியை விழுங்கவில்லை. அங்காடியில் எல்லாம் கிடைத்தபின் அவ்வுறவு அற்றது. புல்வெளியில் தேயிலையும் தைலமரமும் ஏறின, எருமை குறைந்தது. எருமை குறையவே, எருமையைச் சுற்றி வளர்ந்த நூறுநூறு சொற்களுக்கும் வேலை இல்லாது போயிற்று.

ஊர்ப்பெயரையே பாருங்கள். தோடர் குடியிருப்பைத் தமிழர் 'மந்து' என்பர். மந்தை என்பதோடு உறவுடைய நற்சொல் அது. அம்மந்து ஆங்கிலேயர் வாயில் 'மண்டு' ஆயிற்று என வருந்துகின்றோம். தமிழாக்கம் செய்தவர்களோ அதனை 'மண்டலம்' என வடசொல்லாக்கிப் பலகையில் எழுதினர். வெள்ளையனாவது ஓசையை மட்டுமே கெடுத்தான்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோடர் 2,002 பேர். கோத்தர்க்கு ஊர்களே ஏழு. 1971 முதல் பத்தாயிரவர்க்குக் குறைந்தோர் பேசும் மொழிகளை இந்தியக் கணக்கெடுப்பு தனியே வெளியிடுவதில்லை. 'பிற' என்னும் குப்பையில் தள்ளிவிடும். எனவே இவ்விரண்டு மொழிகளும் இந்திய அரசின் மொழிப்பட்டியலில் இல்லவே இல்லை. தில்லியின் இச்செயலைக் கண்டிக்கத் தனித்தமிழ் அன்பர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

ஆனால் கசப்பான வினா ஒன்று எஞ்சுகின்றது. தோடச் சிறுவன் பள்ளியில் எம்மொழியில் பாடம் கேட்கின்றான்? தமிழில், அன்றேல் ஆங்கிலத்தில். கோத்தப் பெண் மருத்துவமனையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் எம்மொழியில் பேச வேண்டியவள் ஆகின்றாள்? தமிழில். 1938இலும் 1965இலும் இந்தி புகுத்தப்பட்டபோது, தாய்மொழியை இழந்தால் இனம் இழியும் என்று முழங்கியவர் தமிழர். அம்முழக்கம் குன்னூர் மலைவளைவோடு நின்றுவிடுமாயின், வோத்தியர்க்கு உருசியம் எதுவோ அதுவே தோடர்க்குத் தமிழ் என்று ஒருநாள் எழுதப்படும்.

'அவையெல்லாம் கொச்சைத் தமிழ்தாமே. நற்றமிழ் கற்கட்டுமே' என்று கூறுவோர் தமிழ்ப்பற்றாளருள்ளும் உளர். பிராகிருதம் சிதைந்து தமிழாயிற்று என்று ஒருவன் கூறினால் கொதித்தெழும் அதே நெஞ்சங்கள் இதனைக் கூறுவது வருந்தத்தக்கது. 'கெவ்' என்பது செவியின் சிதைவு அன்று.

செய்யத்தக்கன உள்ளன. அரசியலமைப்பின் 350அ பிரிவு, சிறுபான்மை மொழியினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் ஏற்பாட்டை மாநிலங்கள் செய்ய முயல வேண்டும் என்கின்றது. தமிழ்நாட்டரசு 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் தோடர், கோத்தர் முதலியோர் மொழிகளைப் பதிவு செய்து காக்கத் தொகை ஒதுக்குவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்கதே, எனினும் ஒலிநாடாவில் உள்ள மொழி பேழையில் உலர்த்திய பூ. முதல் இரண்டு வகுப்பிலேனும் தோடமும் கோத்தமும் பாடமொழியாதல் வேண்டும். கற்பிப்போர் அவ்வினத்தாராகவே இருத்தல் வேண்டும். தமிழெழுத்தில் எழுதத் தோட ஒலிகளுக்குப் போதிய குறிகள் இல்லை. தமிழுக்குள் அயலெழுத்தை விடாத கொள்கைக்கு ஊறின்றி, தோடத்திற்கெனச் சில புதுக்குறிகளை அவர்களே வகுத்துக்கொள்ளத் தமிழ்ப்புலவர் துணைநிற்கலாம். அக்குறிகள் தோடத்திற்கே உரியன, தமிழுக்கு அல்ல.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்னும் இடத்தில் தோடம் என்றும் கோத்தம் என்றும் தயங்காது எழுதுமாறு அம்மக்களிடம் எடுத்துரைக்க நீலமலையில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் முன்வருக. கணக்கெடுப்பாளர் கேளாமலே 'தமிழ்' என எழுதிச் செல்வாராயின், அதனைத் திருத்தச் சொல்லும் முதற்குரல் தமிழன் குரலாய் இருக்கட்டும்.