பெரும்போகத்தில் ஜிம்மை விட்டவன் பாவம் செய்தவன் இல்லை

ஐப்பசி பிறந்ததும் கரடியனாற்றுப் பொடியன்மார் ஜிம்மை விட்டுவிடுவார்கள். விடாமல் என்ன செய்ய? உழவு, விதைப்பு, மறுகா பசளை, இரவில் வாடிக்குள் படுத்து யானைக் காவல். அறுவடை முடியும்வரைக்கும் மழையில் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் ஒன்றரை மணித்தியாலம் இரும்பு தூக்க யாருக்கு நேரம் இருக்கு?

அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை, திரும்பிப் போகும்போது காதில் விழுகிற கதையில்தான் இருக்கு.

போன முறை அறுவடை முடிந்து நான் ஜிம்முக்குப் போனபோது மாஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எல்லாத்தையும் கரைச்சிட்டு வந்திருக்கீங்களே. இனி முதல்ல இருந்துதான்." அடுத்த நிமிசமே மேசையில் ஒரு புரத மா டின். விலையைக் கேட்டால் அறுவடைக் கூலியில் பாதி போய்விடும். நான் வாங்கினேன், வெட்கம்தான். என்னோடு வந்தவன் டின்னோடு நிற்கவில்லை, ஊசி வரைக்கும் போனான். வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், விதை சுருங்கும், விந்தணு குறையும், இதயத்துக்கும் கேடு. இதையெல்லாம் விற்றவர் சொல்லவில்லை.

சரி, உண்மையில் கரைவது எவ்வளவு?

முதல் இரண்டு கிழமையில் கை சின்னதாகத் தெரிவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். தசைக்குள் சேமித்து வைக்கிற கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பயிற்சி நின்றால் அது குறையும், தொடங்கினால் திரும்பி வரும். "சதை கொழுப்பா மாறிடும்" என்பது சுத்தப் புளுகு. தசை வேறு, கொழுப்பு வேறு. ஒன்று மற்றொன்றாக மாறாது.

பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. ஒரு கூட்டம் 20 கிழமை விடாமல் தூக்கியது. மற்றது 10 கிழமை தூக்கி, 10 கிழமை முற்றாக விட்டு, திரும்ப 10 கிழமை தூக்கியது. முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் தசையிலும் பலத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் புதிதாகத் தொடங்கியவர்கள். பல வருசம் தூக்கியவருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் "முதல்ல இருந்துதான்" என்ற கதை அங்கேயே செத்துப்போகிறது.

எங்கட இடைவெளி 10 கிழமையை விட நீளம் என்பது உண்மை. அதுக்கும் வழி இருக்கு. 2011இல் அமெரிக்காவின் அலபாமாவில் செய்த ஆய்வில், 16 கிழமை பயிற்சி எடுத்தவர்களின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். கிழமைக்கு ஒரே ஒரு நாள், ஒரு பயிற்சிக்கு ஒரு செட். 32 கிழமை அப்படிப் போயும் 20 முதல் 35 வயதுக்காரரின் தசை பெரும்பாலும் நின்றது. (60 தாண்டியவர்களுக்கு அந்த அளவு போதவில்லை. அப்பாமாருக்குச் சொல்லி வையுங்கள்.) ஒரு நிபந்தனை: குறைக்கிறது எண்ணிக்கையை மட்டும்தான், பாரத்தை இல்லை. மாமரக் கொப்பில் தொங்கி ஏறுவது, முதுகில் பாரம் வைத்துத் தண்டால், தோளில் மண் நிரப்பிய பசளைப் பையோடு இருந்து எழும்புவது. இனி ஒன்று முடியாது என்கிற இடத்துக்குக் கிட்டப் போகவேணும். இருபது நிமிசம் போதும்.

மற்றப் பக்கத்தில் மாமாமார் நிற்கிறார்கள். "வட்டையில வேலை செய்றவனுக்கு ஜிம் எதுக்கு?" முந்தி அது சரியாக இருந்திருக்கலாம். இப்ப உழுவது டிராக்டர், வெட்டுவது மெஷின். எங்களுக்கு மிஞ்சியது குனிந்து நிற்கிற நாரி வலியும் தூக்கமில்லாத இரவும். தோள், நெஞ்சு, முதுகுத் தசைக்கு அதில் என்ன கிடைக்கும்? 50 கிலோ யூரியாப் பையை வரம்பில் சுமப்பது வேலைதான், ஆனால் அது எத்தனை நாளைக்கு?

டின்னுக்கு வருவோம். பாரம் தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதுக்கு மேலே பலன் கூடுவதாகத் தெரியவில்லை என்பதுதான் 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னது. 60 கிலோ பொடியனுக்கு 96 கிராம். மூன்று முட்டை 18, நூறு கிராம் பயறோ கௌபியோ 24, நல்ல இரண்டு துண்டு குளத்து மீன் 30, ஒரு கோப்பை எருமைத் தயிர் 8, மிச்சம் சோற்றிலேயே வந்துவிடும். இதில் எது கரடியனாற்றில் கிடைக்காது? எங்கட பிழை, விதைப்பு நாளில் சோறும் சொதியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வயல் இறங்குவது.

(பொடியன்மார் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இங்கே விட்டுப்போக ஒரு ஜிம்மே இல்லை. அது தனிச் சண்டை.)

ஜிம் நடத்துகிற அண்ணன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். வருசத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறீர்கள். போகம் எப்ப தொடங்கும், எப்ப முடியும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் இந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறீர்கள். அந்த நாலு மாசத்தை நிறுத்திவைத்துப் பிறகு சேர்த்துக் கொடுங்கள். மாசி மாதம் வருகிறவனுக்கு முதல் இரண்டு கிழமை பாதிப் பாரத்தில் தொடங்கச் சொல்லுங்கள், தோள் பிடித்துப்போய் நிற்கிறவர்கள் எல்லாம் பழைய பாரத்தை முதல் நாளே தூக்கப் போனவர்கள். டின்னை உள்ளே வையுங்கள்.