மாடு என்ன தின்றது?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டவர் நம் முன்னோர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் அது உண்மையே. ஒரு கறவை மாடு செத்தால் பால் பணம் மட்டுமா போகிறது? பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் போகிறது. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மேய்ச்சலுக்குப் போன மாடு திடீரென விழுந்து செத்தால், பாம்பு தீண்டியது என்பார்கள். பூச்சி கடித்தது என்பார்கள். கண்ணேறு என்பாரும் உண்டு. உடனே குழி தோண்டிப் புதைத்தும் விடுவார்கள். அது என்ன தின்றது என்று கேட்பார் இலர். அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இளஞ்சோளத்தை எடுத்துக்கொள்வோம். மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்த கட்டை மழைக்குப்பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் 'தூரின்' என்ற பொருள் மிகுதி. மாடு மென்றதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிரிகிறது. 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளித் தழைக்கும் இதே குணம் உண்டு. மூச்சு வாங்கும், நுரை தள்ளும், கால் தள்ளாடும், சில நிமிடங்களிலோ ஓரிரு மணியிலோ உயிர் போய்விடும். இரத்தம் மட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். அதில் உயிர்வளி இருக்கிறது. உடலால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை.

சிக்கல் இங்கேதான். யூரியா மிகுதியாக இட்ட அதே சோளம் வறட்சியில் நைட்ரேட்டையும் சேர்த்து வைக்கும். அசைபோடும் வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தைக் கெடுக்கும். வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரத்தம் காப்பிக் கொட்டை நிறம். முன்னதற்கு மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் செலுத்துவார். பின்னதற்கு மெத்திலீன் நீலம். ஆள் மாறாட்டம் போல நோய் மாறி, நைட்ரேட் நஞ்சுக்கு நைட்ரைட் ஊசி போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான்!

ஆகவே "சோளம் தின்றது" என்றால் மட்டும் போதாது. எந்த வயல், எத்தனை நாள் பயிர், உரம் இட்டது எப்போது என்பதெல்லாம் வேண்டும். இவற்றை அறிந்தவர் மேய்க்கப் போன பாட்டியோ சிறுவனோதான். மருத்துவர் வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் முன்னே நின்று பேசுகிறார்கள். மேய்த்தவரை யாரும் கேட்பதில்லை.

ஏரிக்கரை நெய்வேலிக் காட்டாமணக்கோ மெல்லக் கொல்லும். பழகிவிட்ட ஆடு அதையே தேடித் தின்னும். வாரக்கணக்கில் தின்றபின் தலை நடுங்கும், பின்னங்கால் இழுக்கும். வாதம் என்று எண்ணெய் தடவுவோர் உண்டு.

நம் போன்ற கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள் ஏற்காட்டுச் செடிகளை உலர்த்தி ஒட்டுகிறார்கள். நல்லதுதான், ஏரிக்கரைச் செடி எங்கே? ஊர்ப்பெயரோடு நச்சுச்செடித் தொகுப்பு ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும். வேதியியலாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தழையை நசுக்கிச் சோதனைக் குழாயில் இட்டு, இரண்டு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு, ஈரமான மஞ்சள் சோடியம் பிக்ரேட் தாளைத் தழையில் படாமல் மேலே தொங்கவிட்டு மூட வேண்டும். சயனைடு இருந்தால் தாள் செங்கல் நிறமாகும். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கக்கூடியது. தாளை ஆசிரியர்தான் செய்து தர வேண்டும்.

அதுவரை ஊரில் செய்யக்கூடியது ஒன்று. மாடு விழுந்ததும் மருத்துவரை அழையுங்கள். அது மேய்ந்த தழையில் ஒரு பிடி பறித்து வையுங்கள். செத்துவிட்டால், புதைக்குமுன் வயிற்றுத் தீனியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். புட்டியை இறுக மூடிப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். திறந்து வைத்தால் சயனைடு காற்றோடு போய்விடும்.