பூக்காரனும் இளவரசனாகத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு புத்தகக் கடை. ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த பெடியன் ஒருவன், "அண்ணை, சரித்திர நாவல் என்ன இருக்கு?" என்று கேட்டான். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் எடுத்து மேசையில் அடுக்கினார். பக்கத்தில் நின்ற நான், "கே. டானியலின் 'பஞ்சமர்' இருந்தால் அதையும் காட்டுங்கோ" என்றேன். "அது சாதிக் கதையெல்லோ ஐயா, சரித்திரம் இல்லையே" என்றார்.

அந்தப் பதிலுக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் வகுப்பறைகளும் இலக்கியக் கூட்டங்களும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அரசன் வந்தால் சரித்திரம், அடிபட்டவன் வந்தால் சாதிக் கதை. இந்த நம்பிக்கை பிழையானது. அநீதியானதும்கூட.

கல்கியின் எழுத்தில் மயங்கிக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அவருடைய 'பொன்னியின் செல்வ'னை மூன்று தரம் படித்திருக்கிறேன். ஆனால், அதில் ஏற்றத்தாழ்வு எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். சேந்தன் அமுதன் கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பவன். பூங்குழலி ஓடம் தள்ளுகிறவள். இருவரும் கடைசியில் அரியணை ஏறுகிறார்கள். பூக்காரனாக இருந்தபடியே அமுதன் அங்கே போய்ச் சேரவில்லை. அவன் சோழ மன்னர் கண்டராதித்தரின் மகன் என்ற இரகசியம் வெளிப்பட்ட பிறகுதான் முடி அவன் தலைக்கு வருகிறது. நாட்டில் மூளும் குழப்பமும் அடுத்த அரசன் யார் என்ற சிற்றரசர் சதிதான். உழுதவன் எழுந்த குழப்பம் அல்ல.

அப்படியானால், சோழநாட்டில் ஒடுக்கப்பட்டவர்கள் இருக்கவில்லையா? இராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே பதில் சொல்கிறது. வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் அது எழுதி வைத்திருக்கிறது. பொற்காலம் என்று நாம் கொண்டாடும் காலம் தன் கையால் வெட்டிய எழுத்து அது. கல்லில் இருந்தால் சரித்திரம், அதே தீண்டாமையை நாவலில் எழுதினால் மட்டும் சாதிக் கதையா?

1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' அப்படி ஒதுக்கப்பட்ட மனிதர்களைத்தான் எழுதியது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்று யாழ்ப்பாணம் ஒதுக்கி வைத்த ஐந்து சாதியினர், தங்கள் பேச்சு மொழியிலேயே அதில் கதைக்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், இவர்களுக்குப் போத்தலும் தகரப் பேணியும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. கிளாஸ் வரவில்லை. அதைக் கேட்டுத்தான் சனம் தெருவுக்கு இறங்கியது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலத்தின் மேல் பொலிஸ் தடியடி விழுந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். டானியல் அந்த இயக்கத்துக்குள் நின்றவர். அவருடைய நாவலில் ஒருவரும் இளவரசராக வெளிப்படுவதில்லை. நளவர் நளவராகவே நின்று உரிமை கேட்கிறார்.

"அது நடப்புக் கதை, பழசு இல்லையே" என்பார்கள். வெளிவந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் பிரெஞ்சுப் புரட்சியை வைத்து 'இரு நகரங்களின் கதை'யை எழுதியபோது, புரட்சி நடந்து எழுபது வருடம்தான் ஆகியிருந்தது. பரிஸ் தெருவில் மதுப் பீப்பாய் உடைந்து ஓட, பசித்த சனம் குனிந்து கையால் அள்ளிக் குடிப்பதை அவர் எழுதினார். எழுந்த கூட்டத்தைக் கண்டு அவரும் பயந்தார்தான். ஆனாலும் பசியைச் சரித்திரத்துக்கு வெளியே தள்ளவில்லை. அதை உலகம் சரித்திர நாவல் என்றுதான் படிக்கிறது.

"வெறும் பிரசாரம்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அரச வம்சத்தின் தியாகத்தை ஐந்து பாகம் புகழ்ந்தால் கலை, ஒரு கிளாசுக்காக அடிவாங்கியதை எழுதினால் பிரசாரம் என்ற அளவுகோலை நான் ஏற்கமாட்டேன்.

"கொழும்பில் ஆர் சாதி பார்க்கினம்?" என்று கேட்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

அரசன் வந்தால்தான் சரித்திரம் என்ற நம்பிக்கையால் எங்கள் காலடி மண்கூட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. 1933இல் இந்த வெள்ளவத்தையிலேயே நூற்பு நெசவாலைத் தொழிலாளர்கள் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன. சோழன் கடாரம் வென்ற கதை தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு இறங்கி நாலாம் குறுக்குத் தெருவுக்கு வாருங்கள். பிடரியில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவரைக் கொழும்பில் நாட்டாமை என்போம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஊர்த் தலைவர் என்று பொருள். எங்கள் நாட்டாமை யாருடைய தொலைந்துபோன மகன் என்று நாம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மூட்டை சுமப்பவராகவே அவருக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதுங்கள். எழுதியவர்களை அரசர்களுக்குப் பக்கத்தில், அதே தட்டில் வையுங்கள். அடுத்த முறை அந்தப் பெடியன் கேட்கும்போது மேசைக்கு 'பஞ்சமரு'ம் வரவேண்டும்.