உலோகச் சேர்மங்கள் அடங்கிய மருந்துகள் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

பாதரசம், ஈயம், பாஷாணம் முதலியவற்றைக் கொண்டு செய்யப்படும் பற்பங்களையும் செந்தூரங்களையும் அடியோடு தடை செய்துவிட வேண்டுமென்று ஒரு சாராரும், முன்னோர் அனுபவத்தால் கண்டறிந்த மருந்துகளில் ஆய்வுக்கூடத்தார் தலையிடலாகாதென்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். சித்த வைத்தியர்களும், ஆங்கில மருத்துவம் பயின்றோரும், ரசாயன ஆசிரியர்களும் ஒருங்கே அங்கம் வகிக்கும் எமது சங்கம், இரு கட்சியாரின் வாதங்களையும் பொறுமையுடன் கேட்டு ஆலோசித்த பின்னர், பின்வரும் முடிவுக்கு வந்திருக்கிறது. நோயாளியின் கையிலிருக்கும் பொட்டலத்தில் எந்த உலோகம், எந்தச் சேர்மமாக, எவ்வளவு இருக்கிறது, அது எத்தகைய தேகத்துக்குள் எத்தனை நாள் செல்லப் போகிறது என்ற வினாவுக்கு எழுத்து மூலம் விடை சொல்ல இயலாத எந்த மருந்தும், அது எந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்ததாயினும், விற்பனைக்கு வரலாகாது.

ஓர் உலோகத்தின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதை விஷமென்றோ அமிர்தமென்றோ தீர்ப்புச் சொல்வது ரசாயனத்துக்குப் பொருந்தாது. எக்ஸ்ரே எடுக்கும் பொருட்டு வயிற்று நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கப்படும் வெண்ணிறக் கூழிலுள்ள பேரியம் சல்பேட், நீரிலும் இரைப்பை அமிலத்திலும் கரையாத காரணத்தால் உட்சென்றவாறே வெளியேறிவிடுகிறது. அதே பேரியத்தின் கார்பனேட்டோ இரைப்பையில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, பொட்டாசியத்தின் நிலையைக் குலைத்து, இதயத்தையே நிறுத்திவிட வல்லதாகையால், முற்காலத்தில் எலிகளைக் கொல்லும் நஞ்சாகப் பயன்பட்டது. பாதரசத்தின் விஷயம் இதனினும் விரிவானது. கந்தகத்தோடு இறுகப் பிணைந்த பாதரசமாகிய இலிங்கம் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. பூரம் என்று நம்மவர் வழங்கும் மெர்க்குரஸ் குளோரைடு மிகச் சிறிதே கரைவது. வீரம் எனப்படும் மெர்க்குரிக் குளோரைடோ எளிதில் கரைந்து, சில கிராம் அளவிலேயே குடலை அரித்துச் சிறுநீரகத்தை அழித்து உயிரை மாய்க்கக் கூடியது. இனி, கரிமத்தோடு சேர்ந்த பாதரசம் எத்துணைக் கொடியதென்பதை, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் உலோக விஷங்களையே ஆராய்ந்து வந்த பேராசிரியை காரென் வெட்டர்ஹான் அவர்களின் முடிவு உணர்த்தும்: 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டைமெதில் மெர்க்குரியின் சில துளிகள் ரப்பர் கையுறையின்மேல் சிந்தி, அதனூடே தோலுக்குள் புகுந்தன, சில மாதங்கள் வரை ஒரு குறியும் தோன்றவில்லை, பிறகு நடையும் பேச்சும் பார்வையும் தடுமாறி, 1997 ஜூன் மாதத்தில் அவர் காலமானார். இவ்வளவு பேதங்களையும் ‘பாதரசம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிச் சட்டம் இயற்றுவோரும், அதே ஒற்றைச் சொல்லில் அடக்கிப் புகழ் பாடுவோரும் ரசாயனத்தைக் கேட்டு அவ்வாறு செய்வதில்லை.

சுத்தி செய்து புடமிட்டால் நஞ்சு நீங்கிவிடும் என்ற கூற்றை எமது சங்கம் மரியாதையுடன் பரிசீலித்தது. செங்கல் தூளோடும் மஞ்சள் தூளோடும் பாதரசத்தை அரைத்துக் கழுவும் முறை, அதனோடு கலந்துள்ள பிற அழுக்குகளை நீக்கக் கூடியது. கந்தகத்தோடு சேர்த்து எரிப்பது, ஆவியாகும் உலோகத்தைக் கரையாத சல்பைடாக மாற்றக் கூடியது. இவை மெய்யான ரசாயன மாறுதல்கள். இவற்றைக் கண்டுணர்ந்தோரின் கூர்மையை நாம் வணங்குகிறோம். ஆயினும் எவ்வளவு வரட்டி அடுக்கி எரித்தாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். தனிமத்தைத் தீ அழிப்பதில்லை, அதன் சேர்க்கையை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. பற்பம் பதத்துக்கு வந்ததா என்று அறிய வைத்தியர் செய்யும் சோதனையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். சிட்டிகைத் தூளைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்க்க, அது ரேகைகளுக்குள் புகுந்து நிற்க வேண்டும். கிண்ணத்து நீரின்மேல் மெல்லத் தூவ, மூழ்காது மிதக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் உலோகப் பளபளப்புத் தெரியலாகாது. நாவில் சுவை தோன்றலாகாது. கருவிகள் இல்லாத காலத்தில் துகளின் நுண்மையையும், உலோகம் தன் பழைய ஸ்திதியை இழந்துவிட்டதையும் அறிய இதனினும் நேர்த்தியான உபாயம் இருந்திருக்க முடியாது. ஆனால் இச்சோதனைகளுள் ஒன்றேனும், அந்தத் தூள் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எவ்வளவு கரையும் என்பதைச் சொல்லாது. அமிலத்தில் கரையும் இயல்புடைய ஈய ஆக்சைடு, அரைக்க அரைக்கப் பரப்பு பெருகி, முன்னிலும் விரைவாகக் கரையுமாதலால், ரேகையில் புகும் நுண்மை என்ற அச்சிறப்பே ஈயத்தின் விஷயத்தில் ஆபத்தை வளர்ப்பதாய் முடிகிறது.

‘எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம், எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை’ என்று கூறும் வைத்தியர்களின் நேர்மையை யாம் ஐயுறவில்லை. எனினும் அனுபவம் எங்ஙனம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தில் துயரமான சான்று ஒன்று உண்டு. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்குப் பூரம் கலந்த பொடியைக் கொடுப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. அது மருந்துக் கடைகளில் யாரும் வாங்கக் கூடியதாயிருந்தது. அக்காலத்திலேயே சில குழந்தைகளுக்குக் கையும் காலும் சிவந்து வீங்கித் தோலுரிந்தன. வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உறக்கமும் உணவுமின்றி அழுதழுது அவை மெலிந்தன. பல மாண்டும் போயின. பிங்க் நோய் என்று பெயரிடப்பட்ட அதற்கு வைட்டமின் குறைவு காரணமென்றும், தொற்றுக் கிருமி காரணமென்றும் மருத்துவர்கள் தேடி அலைந்தனர். பொடி உண்ட குழந்தைகளுள் மிகச் சிலரையே அது தாக்கியதால், எந்தத் தனி மருத்துவரின் அனுபவத்துக்கும் அந்தத் தொடர்பு புலப்படவில்லை. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர்களான வார்க்கனியும் ஹப்பார்டும் இந்நோய் கண்ட குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டிய பிறகே ஐயம் அப்பொடியின்மேல் விழுந்தது. 1954-இல் பிரிட்டனில் அத்தகைய பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் நோயும் ஏறக்குறைய மறைந்தொழிந்தது. ஆங்கில மருத்துவமே பிழை செய்து, அளந்து பார்த்துத் திருத்திக்கொண்ட விஷயம் இது. ஆகையால் அளந்து பார்க்கும்படி கேட்பதை ஒரு சாஸ்திரத்தின்மேல் மற்றொரு சாஸ்திரம் தொடுக்கும் தாக்குதலாக எவரும் கொள்ள வேண்டியதில்லை.

அளந்து பார்ப்பதால் பழைய மருந்து அழிந்தே போகும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. சீனாவின் ஹார்பின் நகரத்தில் 1970-களின் தொடக்கத்தில், ஜாங் டிங்டாங் முதலிய மருத்துவர்கள், பாஷாணமும் பூரமும் தேரை விஷமும் கலந்த நாட்டு மருந்தொன்றை ஆராய முற்பட்டனர். மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சோதித்ததில், பூரம் சிறுநீரகத்துக்கும் தேரை விஷம் ரத்த அழுத்தத்துக்கும் ஊறு செய்தனவேயன்றி நோயைத் தணிக்கவில்லை என்றும், ரத்தப் புற்றின் ஒரு வகையில் உண்மையாகவே குணம் தந்தது ஆர்சனிக் ட்ரைஆக்சைடு என்றும் தெரிந்தது. தூய்மைப்படுத்தி, நரம்பில் செலுத்தி, இதயத் துடிப்பின் வரைபடத்தை ஜாக்கிரதையாகக் கவனித்துக்கொண்டே கொடுக்கப்படும் அந்த வெள்ளைப் பாஷாணத்துக்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் அங்கீகாரம் அளித்தது. இன்று அவ்வகைப் புற்றுக்கு அது உலகெங்கும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று. நம் ஏடுகளிலும் இத்தகைய பொக்கிஷம் இருக்கக் கூடும் என்று எமது சங்கம் மனப்பூர்வமாக நம்புகிறது. நம்புவதாலேயே சோதனையை வற்புறுத்துகிறது.

இப்போதுள்ள சட்டம் இதற்குப் போதுமானதன்று. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில், இ(1) அட்டவணையில் கண்ட விஷ வஸ்துக்கள் அடங்கிய சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின்மேல் மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளுமாறு எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று இருக்கிறது. மூலிகை மருந்துகளில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கும், ஆர்சனிக் 3 பங்கும், பாதரசம் 1 பங்கும் மிகலாகாதென்ற வரம்பும் உண்டு. ஆனால் பாதரசத்தை மூலப் பொருளாகவே கொண்ட செந்தூரத்துக்கு இவ்வரம்பு பொருந்தாது. அதில் மொத்தப் பாதரசம் எவ்வளவு என்று மட்டும் கூறும் பரிசோதனை, இலிங்கத்தையும் வீரத்தையும் ஒன்றாகவே எண்ணிவிடும். ஆகவே ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும், எக்ஸ்ரே விளிம்பு விலகல் முறையால் சேர்மம் இன்னதென்று காட்டுவதும், சேராது எஞ்சிய தனிப் பாதரசத்தை அளப்பதும், இரைப்பை நீரை ஒத்த அமிலத்தில் கரைந்து வெளிவரும் பங்கைக் கணக்கிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். முடிவு சீட்டில் தமிழில் அச்சாக வேண்டும். உலோகத்தின் ரசாயனப் பெயரும் உடன் வேண்டும், ஏனெனில் நாக பற்பம் என்பது சித்த முறையில் துத்தநாகத்தையும் ஆயுர்வேத முறையில் ஈயத்தையும் குறிக்கும். இக்கட்டாயம் ஏன் வேண்டுமென்பதற்கு ஒரு சான்று: 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கண்டறியப்பட்டது. அவற்றுள் இந்தியாவில் செய்தவையும் அமெரிக்காவிலேயே செய்தவையும் இருந்தன.

ஈயத்தைப் பற்றி மட்டும் யாம் விதிவிலக்கின்றிப் பேசுகிறோம். கால்சியத்தைப் போல் வேடமிட்டு எலும்புக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்கி, கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கரைந்து சிசுவைச் சென்றடையும் இவ்வுலோகத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே ஈயம் உள்மருந்திலிருந்து முற்றிலும் விலக வேண்டும். பாதரசமும் ஆர்சனிக்கும் அடங்கிய உள்மருந்துகள், மேற்சொன்ன பரிசோதனைகளிலும் முறையான நோயாளர் ஆய்விலும் தேறும் வரை, குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கொடுக்கப்படலாகாது. மூடியில்லாத அடுப்பருகே நின்று இலிங்கத்தை எரிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் பாதரச ஆவி போகிறது என்பதையும் மருந்து செய்வோர் மறக்கலாகாது. அவருக்கு ஆவி உறிஞ்சும் கூண்டும், குறித்த காலந்தோறும் சிறுநீர்ப் பரிசோதனையும் உரிமையாக வேண்டும்.

தற்சமயம் இத்தகைய மருந்துகளை உண்டு வருவோர் பீதியடைய வேண்டாம். பொட்டலத்தை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று, ஈயத்துக்கு ரத்தத்தையும் பாதரசத்துக்கு ரத்தத்தோடு சிறுநீரையும் சோதித்துக்கொள்வாராக. உலோகத்தைப் பற்றிப் பிடித்து வெளியேற்றும் மருந்துகளைத் தாமாக வாங்கி ஏற்றிக்கொள்வது கூடாது. அத்தகைய மருந்தாகிய, கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ.வுக்குப் பதிலாகச் சோடியம் மட்டும் சேர்ந்த இ.டி.டி.ஏ. தவறுதலாகச் செலுத்தப்பட்டு, ரத்தத்திலுள்ள கால்சியம் பறிபோய், குழந்தைகள் இறந்ததுண்டு. அச்சிகிச்சை வேண்டுமா என்பதையும், எந்த மருந்தால் என்பதையும், ரத்தத்தில் கண்ட அளவைப் பார்த்து மருத்துவமனையில் உள்ள மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.