வண்டிக்குள் இருக்கிற கழிப்பறையைப் பயன்படுத்தலாமா, கூடாதா?

சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்க்கிறவர்கள் இந்தப் பதிவைக் கை கழுவிவிட்டு வந்து படிக்கவும். விஷயம் அப்படிப்பட்டது.

நானும் வீட்டம்மாவும் கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மூன்று ராத்திரி தங்கினோம். ஓட்டலில் இல்லை, டிராவல் டிரெய்லரில். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஓடும்போது மட்டும் அதற்குள் ஆள் உட்காரக் கூடாது, இந்த மாநிலத்துச் சட்டம். மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்திருந்தார்.

அருவியையும் பாறையையும் வீட்டம்மா ஏற்கெனவே குடும்பக் குழுவில் படம் படமாகப் போட்டுவிட்டாள். நான் எழுத வந்தது அந்தக் கழிப்பறையைப் பற்றி.

கிளம்புகிற அன்றே மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமா, உள்ளே டாய்லெட் இருக்கு. ஆனா அதை யூஸ் பண்ண வேண்டாம். ராத்திரி ரொம்ப அவசரம்னா ஒண்ணுக்கு மட்டும் போங்க. மத்ததுக்கு கேம்ப்லயே நல்ல பாத்ரூம் இருக்கு." அவருடைய நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். காரணம் வேறொன்றுமில்லை. கழிப்பறைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது, பிளாக் டேங்க் என்பார்கள். உள்ளே போனது எல்லாம் அதில்தான் நிற்கும். ஊர் திரும்புவதற்கு முன்னால் நாமே குழாய் மாட்டி அதைக் காலி செய்ய வேண்டும். செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாடகைக்காரர் தனிக் கட்டணம் போட்டுவிடுவார். "அதைப் போய் யாரு மாமா தொடுறது?" என்றார். விருந்துக்கு வந்த இடம். நான் தலையாட்டிவிட்டேன்.

நாங்கள் தங்கிய இடத்துக்கு அப்பர் பைன்ஸ் என்று பெயர். கிட்டத்தட்ட 4000 அடி உயரம். மே மாதத்திலும் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடுகிறது. பொதுக் கழிப்பறை சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு நிமிட நடை. மூட்டுத் தேய்ந்த வீட்டம்மாவுக்கு எட்டு நிமிடம். வழியில் விளக்குக் கிடையாது. அதுபோக அங்கே கரடி நடமாட்டம் உண்டு. சாப்பாட்டுச் சாமானை எல்லாம் ஒவ்வொரு இடத்திலும் வைத்திருக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். (கருங்கரடி என்று பெயர், ஆனால் பாதிக்குமேல் பழுப்பாக இருக்குமாம். இதைப் பேரன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.)

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு இருவரும் போய் வந்தோம். இரண்டாம் நாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. பரவாயில்லையே, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். காலையில் வெளியே மேசையில் இட்லிப் பாத்திரத்தை வைக்கப் போனவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றாள். கேட்டால், முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற உடம்பு. "ஏங்க, ராத்திரி உங்களை எழுப்ப வேண்டாம்னுதான்" என்றாள்.

தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் சர்க்கரை போட்ட காபி கொடுத்து, அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னால் தலையாட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. "மாப்பிள்ளை, இனிமே எல்லாரும் உள்ளேயே போகலாம். கடைசி நாள் அந்தத் தொட்டியை நான் காலி பண்றேன்" என்றேன். மகள் பதறிவிட்டாள். "ஐயோ அப்பா, நீங்களா? வேண்டாம்பா." ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

பொதுக் கழிப்பறைதான் நல்லது என்கிறவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. பகலில் நடக்க முடிந்தவர்கள் நடந்து போவதுதான் சரி. தொட்டி சீக்கிரம் நிறையாது. வண்டிக்குள் கழிப்பறைக் கதவு அட்டை மாதிரி, உள்ளே இருப்பவர் தும்மினால் அடுப்படியில் கேட்கும். மாமனாரும் மருமகனும் அப்படி ஓர் இடத்தில் மூன்று நாள் இருப்பது சங்கடம்தான். ஆனால் "பயன்படுத்தவே கூடாது" என்று ஒரு வீட்டில் சட்டம் போட்டால், அதற்குத் தண்டனை அனுபவிக்கிறவர் யார் என்று பாருங்கள். வயதானவர்கள், பெண்கள், குழந்தைகள். சட்டம் போட்டவருக்கு முப்பத்தெட்டு வயது. ராத்திரி எழுந்திருக்கிற வேலையே அவருக்கு இல்லை.

நாறும் என்கிறார்கள். நாறாது, முறையாகச் செய்தால். நம் வீட்டுக் கழிப்பறையில் பீங்கானுக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கும், அதில் நிற்கிற தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. எட்டாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். வண்டியில் அந்த வளைவு கிடையாது. நேராகத் தொட்டி, நடுவில் ஒரு மூடி. காலால் மிதித்தால் திறக்கும். அந்த மூடிமேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், நின்றால் வாடை மேலே வராது. அப்புறம், மூடியைத் திறக்கும்போது கூரையில் இருக்கிற மின்விசிறி ஓடக் கூடாது. அது காற்றை வெளியே தள்ளும் விசிறி, திறந்த நேரத்தில் தொட்டிக்குள் இருப்பதையும் சேர்த்து இழுத்துவிடும். முதல் நாள் இது தெரியாமல் ஓட விட்டுவிட்டு, வீடே நாறிப்போய், "பாத்தீங்களா மாமா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று பேச்சு வாங்கினேன்.

பெரிய தப்பு எது தெரியுமா? தண்ணீரில் கஞ்சத்தனம். தொட்டி நிறைந்துவிடுமே என்று பயந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் விழுந்தது விழுந்த இடத்திலேயே குவிந்து காய்ந்துவிடும், பிறகு எந்தக் குழாயாலும் அதை அசைக்க முடியாது. தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருப்பதும் அதே தப்பு, தண்ணீர் மட்டும் ஓடிப்போய்த் திடப்பொருள் தங்கிவிடும். காகிதமும் கண்டதைப் போடக் கூடாது. பேரனும் நானும் ஒரு சோதனை செய்தோம். இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் வண்டிக்கென்று விற்கிற காகிதம், இன்னொன்றில் வீட்டில் புழங்குகிற தடித்த காகிதம். போட்டுக் குலுக்கினோம். முதலாவது கஞ்சி மாதிரி கரைந்தது. இரண்டாவது துணி மாதிரி அப்படியே கிடந்தது. இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம்தான் ஜெயித்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். காகிதமே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதல். அந்தத் தொட்டிக்கு இதைவிட நல்ல பயனாளி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. முகாமுக்குப் பக்கத்திலேயே டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. வேறொன்றுமில்லை, தரையில் மூடி போட்ட ஒரு சாக்கடைத் துளை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். எங்களுக்கு முன்னால் நாலு வண்டி வரிசையில். முன்னால் நின்ற வண்டிக்கு என் வயதில் ஓர் அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினார். வேலை முடித்துக் குழாயை அலசிச் சுருட்டி வைக்கப் பத்து நிமிடம் ஆயிருக்கும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி முடித்தவர் மாதிரி போய்விட்டார்.

அடுத்து நான். மாப்பிள்ளை அவசரமாக இறங்கி, "நீங்க தள்ளுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றார். கடைசியில் இருவருமே செய்தோம். எங்கள் தொட்டி 30 காலன், சுமார் 113 லிட்டர். பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே திறந்தால் வேகம் இருக்காது என்று மேலேயிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டோம். குழாயின் ஒரு முனையை வண்டியில் முறுக்கி மாட்டி, மறு முனையைத் துளைக்குள் வைத்து, அது துள்ளாமல் ஒரு கல்லை மேலே வைத்தோம். முதலில் பிளாக் டேங்க் வால்வு. தடதடவென்று ஒரு நிமிடம். அதை மூடிவிட்டு, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் நிற்கிற கிரே டேங்க். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும், வரிசை மாறக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம். அவ்வளவுதான் வேலை. கையில் ஒரு துளி படவில்லை. "இதுக்கா மாமா இவ்வளவு பயந்தோம்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றும்போது எனக்கு வேறு ஞாபகம்.

நான் சிறுவனாக இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கழிப்பறைக்குப் பின்சுவரில், தரையை ஒட்டி ஒரு சின்ன இரும்புக் கதவு. தினம் காலையில் ஓர் அம்மாள் அந்தச் சந்து வழியாக வந்து, வாளியில் அள்ளிக்கொண்டு போவார். அவருக்கு வால்வு இல்லை, கையுறை இல்லை. எங்கள் வீட்டுக்குள் அவர் ஒருநாளும் வந்ததில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பத்து வருடம் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாது.

அது அந்தக் காலம், பெரியவர்கள் செய்தது என்று தள்ளிவிடலாம். இனி எழுதுவதை அப்படித் தள்ள முடியாது. நான் வகுப்பாசிரியராக இருந்தபோது பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வாரத்துக்கு ஒருமுறை நாலு பையன்களை அனுப்புவேன். "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்கடா" என்பேன். எழுந்து போவார்கள். வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பாடத்தைத் தொடர்வேன். நாலு பேரும் ஒரே தெருப் பையன்கள். எந்தத் தெரு என்று அந்த வகுப்பில் படித்த உங்களுக்கெல்லாம் தெரியும். நான் யாரிடமும் சாதி கேட்டதில்லை என்று அப்போது சொல்லிக்கொள்வேன். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அக்டோபர் 2-ஆம் தேதி அதே வகுப்பில் காந்தி கதை சொல்லியிருக்கிறேன். டர்பன் வீட்டில் தங்கியிருந்தவர்களின் சிறுநீர்ச் சட்டிகளை அவரும் கஸ்தூரிபாவும் எடுத்துக் கொட்டியது, பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு குமாஸ்தாவின் சட்டியை எடுக்க அந்த அம்மையார் கலங்கியது, காந்தி கோபத்தில் மனைவியை வாசல்வரை இழுத்துப் போனது. கூசாமல் எழுதி வைத்திருக்கிறார். காந்தியின் பெருமைக்கு உதாரணமாக நான் அதைச் சொல்லுவேன். அவர் தன் சட்டியைத் தானே எடுத்தவர் என்பது மட்டும் என் காதில் ஏறவில்லை. நான் ஒருநாளும் அந்த நாலு பேருடன் வாளி தூக்கிப் போனதில்லை.

உலர் கழிப்பறைக்கும் கையால் மலம் அள்ள வைப்பதற்கும் தடைச் சட்டம் 1993-ல் வந்தது. 2013-ல் வந்த சட்டம் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு நம் வீட்டு செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள், லாரி வந்ததா ஆள் இறங்கினாரா என்று தெரியும்?

அதனால் என் கட்சி இதுதான். வண்டிக்குள் கழிப்பறை இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். முக்கியமாக அம்மா, மாமியார், பாட்டி கூட வந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் குழாயை நீங்களே பிடியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பேரன் பார்த்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "தாத்தா, நெக்ஸ்ட் டைம் வால்வை நான் இழுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த நாலு பேரில் ஒருவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார், என் பிறந்தநாளுக்கு வாழ்த்தும் போடுகிறார். மற்ற மூவர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த அம்மாளைப் போல இல்லை, இவர்கள் நாலு பேரின் பெயரும் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. தம்பிகளா, நான் செய்தது தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற இடம் இது இல்லை. ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன், நேரில் வந்து பார்க்க அனுமதி கொடுத்தால் வருவேன். என் போன் நம்பர் பழைய நம்பர்தான், மாற்றவில்லை.