பெட்டியில் எழுதாத வேகம்

காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டப்பேரவையில் அறிவித்த இந்த ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலர் அதை நிறைவேற்றும் இடத்திலேயே இருக்கிறீர்கள். இந்த இதழ் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் கடிதங்கள் வருகின்றன.

ஆதரிக்கிறோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. வெடி வைத்த அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதைந்து, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும் யானைகளைக் கால்நடை மருத்துவ நண்பர்கள் போதுமான அளவு பார்த்திருக்கிறார்கள். கம்பியும் வெடியும் செய்கிற வேலையை, கணக்கு வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற ஓர் ஆள் செய்வது மேல். இதில் எமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் நான் படித்த, கேட்ட விவாதம் அத்தனையும் கிலோமீட்டரைச் சுற்றியே நடந்தது. மனு யாரிடம் கொடுப்பது, யார் கையெழுத்து, யார் சுடுவது, செத்த பன்றியை என்ன செய்வது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தபோதும் இதே கதைதான். எந்தத் தோட்டா, எந்தக் குழலிலிருந்து, என்ன வேகத்தில் போய், பன்றிக்குள் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்றால் எங்கே வந்துவிடுகிறோம்? கரும்புத் தோட்டம், வாழைத் தோப்பு, மோட்டார் கொட்டகை, களத்துமேட்டுக் கட்டில். காட்டுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு ஊர் பக்கம். பன்றியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும் குண்டுக்கு அங்கே ஏதோ ஒரு வீட்டு விலாசம் இருக்கும்.

துல்லியத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரவில், டார்ச் வெளிச்சத்தில், நாற்பது அல்லது ஐம்பது மீட்டரில் நடக்கிற வேலை இது. நூறு மீட்டரில் ஒரு மினிட் கோணம் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர், நாலு மினிட் சிதறும் துப்பாக்கிகூட ஐம்பது மீட்டரில் ஆறு சென்டிமீட்டருக்குள் அடித்துவிடும். பன்றியின் நெஞ்சறை அதைவிடப் பெரிது. மூன்று குண்டு அடித்து, அதில் நல்ல இரண்டை மட்டும் அளந்து ‘குரூப்’ என்று நோட்டில் எழுதும் பழக்கத்தை விட்டால் போதும். தப்பு பெரும்பாலும் துப்பாக்கியில் இல்லை, தோளில் இருக்கிறது. அது பயிற்சியின் பாடு.

விரிவு வேறு விஷயம். சாஃப்ட் நோஸ் குண்டு காளான்போல் மலர வேண்டும், மலர்ந்தால் அகலும், அகன்றால் தடை கூடி உடலுக்குள்ளேயே நிற்கும் அல்லது வேகம் செத்து வெளியே வரும். கொள்கை இது. முழு உறை போட்ட ராணுவத் தோட்டா இப்படிச் செய்யாது. 1899இன் ஹேக் பிரகடனம் போர்க்களத்துக்கு மலரும் குண்டை விலக்கியதால் அந்தத் தோட்டா அப்படியே வடிவமைக்கப்படுகிறது. (கொல்கத்தாவின் டம்டம் கிடங்கில் செய்த குண்டால்தான் அந்தப் பிரகடனமே வந்தது. இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.) பயிர்க்காட்டில் போர்க்கள விதி பொருந்தாது. கிடங்கில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போகிற வழக்கம்தான் பொருந்திவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

சோதனை முறை நம் எல்லோருக்கும் தெரியும்: பத்து விழுக்காடு ஜெலட்டின், நாலு டிகிரி செல்சியஸ். குண்டுக் காயங்களை ஆய்ந்த மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் வகுத்த அளவுகோல்படி, 4.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் போய் 8.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் கட்டி செல்லாது. இந்த இரும்புக் குண்டு அடிக்காமல், ஜெல்லியைப்போல் ஒன்றைக் காய்ச்சி வைத்து ‘எட்டு அங்குலம் போனது’ என்று எழுதிய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகையில் நாலு டிகிரி என்பது விளையாட்டல்ல. நாங்கள் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைத்திருந்து, எடுத்த சில நிமிடத்தில் சுட்டுவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தோம். இப்போது விற்கும் கண்ணாடிபோன்ற செயற்கை ஜெல் வசதியானது, படமெடுக்க அழகானது. ஆனால் அதன் ஆழமும் ஜெலட்டினின் ஆழமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். எஃப்.பி.ஐ.யின் பன்னிரண்டு முதல் பதினெட்டு அங்குல ஊடுருவல் என்ற கணக்கைப் பன்றிக்குக் கொண்டுவர வேண்டாம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு கொள்ளையனின் இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுபோனதால் பிறந்த கணக்கு அது. மனித உடம்புக்கு, கைத்துப்பாக்கிக்கு. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் இருக்கும் கெட்டியான நார்த்திசுத் தகடு எந்த ஜெலட்டினிலும் இல்லை. அதைத் தாண்டிய பிறகு குண்டு மலருமா, தகட்டிலேயே மலர்ந்து நின்றுவிடுமா என்பதைச் செத்த பன்றியிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் ஏற்பாடு இல்லாமல் ஒவ்வொரு பன்றியையும் புதைத்துக்கொண்டிருப்பது, பதிலைப் புதைப்பது.

இனி வேகம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது என் பழைய புண்.

குண்டு மலர்வதும் மலராததும் அது போய் மோதும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் பத்து விழுக்காடு குறைந்தால் ஆற்றல் பத்தொன்பது விழுக்காடு குறைகிறது. மலரும் எல்லைக்குக் கீழே போய்விட்டால் சாஃப்ட் நோஸ் என்பது பெயருக்குத்தான், முழு உறை போட்ட குண்டைப்போல் துளைத்துக்கொண்டு போகும். ஆக, விரிவைச் சோதித்தேன் என்று ஒருவர் சொன்னால், ‘எந்த வேகத்தில்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்க உற்பத்தியாளர்கள் அட்டவணையில் போடும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில், 21 டிகிரியில் எடுத்தது. நம் ஆள் கையில் இருப்பது அதைவிடக் குட்டையான, தொண்டை தேய்ந்த, மழையில் நனைந்து எண்ணெய் காணாத குழல். ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் நொடிக்கு இருபது முதல் ஐம்பது அடி போகும், தோட்டாவைப் பொறுத்து. தோட்டாவோ ஜீப்பின் முன்பலகையில் வெயிலில் கிடந்தது, அல்லது எந்த ஆண்டில் வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத இரும்பு அலமாரியில் கிடந்தது.

.315 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவக் கலிபரான .303 குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்ற வெள்ளைக்காரர் காலத்துக் கவலையில், ஆஸ்திரியாவின் 8×50 மான்லிக்கர் தோட்டாவின் வழியில் நம்மிடம் வந்து நிலைத்த தோட்டா. கனமான, மூக்கு மழுங்கிய, மெதுவான குண்டு. நான் குறை சொல்லவில்லை. கிட்டத்திலிருந்து பன்றி அடிக்க இதைவிடப் பொருத்தமானது உள்நாட்டில் எளிதாகக் கிடைக்காது. ஆனால் மெதுவான குண்டுக்கு வேகத்தில் கைவசம் மிச்சம் குறைவு. வேகமான குண்டு நூறு அடி இழந்தாலும் மலரும். இது இழந்தால்?

தெரியாது என்பதுதான் விடை, ஏனென்றால் யாரும் அளப்பதில்லை. தடய அறிவியல் ஆய்வகத்தில் நான் இருந்த ஆண்டுகளில் பஞ்சுப் பெட்டிக்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் சுட்டுக் குண்டை எடுத்து, ஒப்பீட்டு நுண்ணோக்கியில் கோடுகளைப் பொருத்துவோம். எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவோம். அந்தத் துப்பாக்கி என்ன செய்யும் என்று ஒருமுறைகூட யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கும் பதில் வைத்திருப்போமே என்று குண்டின் வேகம் அளக்கும் ஒரு க்ரோனோகிராஃப் வாங்கக் கோப்பு வைத்தேன். ஒளித்திரை வகை, அன்றைக்கு ஒரு நல்ல தட்டச்சுப்பொறியின் விலைகூட இல்லை. கோப்பு பதினான்கு மாதம் பயணம் செய்து ஒரு குறிப்போடு திரும்பியது: “இக்கருவிக்கு ஆயுத உரிமம் தேவையா என்பதைத் தெளிவுபடுத்தவும்.” தெளிவுபடுத்தினேன். அடுத்த குறிப்பு: “தோட்டாவின் வேகம் பெட்டியிலேயே குறிப்பிடப்பட்டிருக்குமே?” பெட்டியையே இணைப்பாக வைத்து அனுப்பினேன். அதில் கலிபர், எண்ணிக்கை, லாட் எண், ஆண்டு. வேகம் இல்லை. பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த தோட்டாக்களுக்குக் கணக்குக் கேட்டார்கள்.

அந்தக் காலமாவது, துப்பாக்கி செய்தவர்களும் தோட்டா செய்தவர்களும் ஒரே வாரியத்தின் கீழ் இருந்தார்கள். 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. கட்கியின் தோட்டாத் தொழிற்சாலை ஒரு நிறுவனத்தில், திருச்சி போன்ற துப்பாக்கித் தொழிற்சாலைகள் இன்னொன்றில். இந்தக் குழலில் இந்தத் தோட்டா என்ன வேகம் போகும் என்பது இரண்டும் சேர்ந்த கேள்வி. அதற்கு இரண்டில் எதன் வாசலில் போய் நிற்பது? வாங்குகிற துறைதான் அளக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் காலணியின் தையல் எண்ணிக்கையைக்கூட எழுதுகிற துறைகள், தோட்டாவுக்கு வரும்போது ‘தரமானதாக இருக்க வேண்டும்’ என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. இதைக் கேட்டால் பாதுகாப்பு விஷயம் என்கிறார்கள். பன்றியிடமிருந்து எந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன். ஈயத்தைப் பற்றி இரண்டு வரி. மலரும் ஈயக் குண்டு சிதறுகிறது. சிதறிய துகள் சடலத்தில் தங்குகிறது. சடலத்தைத் தின்னும் கழுகுக்கு அது நஞ்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை விலக்கியதும், டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாவிலும் விலக்கியதும் இதனாலும்தான். சீகூர் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளுக்காக டைக்ளோஃபெனாக் என்ற கால்நடை வலிமருந்தோடு மல்லுக்கட்டிய மாநிலம் இது. கழுகுக்கு மூன்று கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. ஆழமாகப் புதைத்தால் சிக்கல் குறையும். செம்புக் குண்டுக்கு மாறலாம் என்பவர்களுக்கு ஒன்று: செம்பின் அடர்த்தி 8.9, ஈயத்தின் அடர்த்தி 11.3. அதே எடைக்குக் குண்டு நீளும், நீண்டால் திருகு போதாமல் தடுமாறலாம். எடையைக் குறைத்தால் ஊடுருவல் குறையலாம். செம்பு மலர ஈயத்தைவிட அதிக வேகம் கேட்கும். திரும்ப அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். அளக்காமல் மாற முடியாது, அளக்காமல் மாறாமல் இருக்கவும் முடியாது.

துறை அளக்கும் வரை காத்திருக்க எனக்கு வயதில்லை. இன்று க்ரோனோகிராஃப் ரேடார் வடிவில், உள்ளங்கை அளவில் வந்துவிட்டது. துப்பாக்கிச் சங்கங்கள் சிலவற்றில் உறுப்பினர்கள் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். பணியில் இருப்பவர்களும் ஆர்மரர்களும், அனுமதியுள்ள சுடுதளத்தில், வழக்கமான பயிற்சியின்போதே அளந்து அனுப்புங்கள். ஐந்து குண்டு போதாது. வேகத்தின் உண்மையான திட்ட விலக்கம், ஐந்தில் கிடைக்கும் கணக்கின் பாதியைச் சற்றே தாண்டியதாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட மூன்று மடங்காகவும் இருக்கலாம். இருபது அடித்தால் அந்த இடைவெளி முக்கால் முதல் ஒன்றரை மடங்குக்குள் சுருங்கும். குழலின் நீளம், அன்றைய வெப்பநிலை, தோட்டா முந்தைய ஒரு மணி நேரம் எங்கே இருந்தது, இவற்றை எழுதுங்கள். மோசமாகப் போன குண்டை விட்டுவிடாதீர்கள். எமக்கு அதுதான் வேண்டும். பன்றி விழுந்த இடத்தில் கால்நடை மருத்துவர் இருந்தால், வெளியேறிய துளையின் அகலமும், குண்டு உள்ளே நின்றிருந்தால் அதன் மிச்ச எடையும், மலர்ந்த முகத்தின் பெரிய விட்டம், சிறிய விட்டம் இரண்டும்.

அனுப்புபவர் பெயரும் சரகத்தின் பெயரும் அச்சாகாது. லாட் எண் அச்சாகும்.