ஓட்டுக் கூரையில் குழாய்: ஒழுக்கு நிற்க எதைப் பூசலாம்?

கேள்வி: சீமை ஓடு போட்ட வீட்டில், கழிவுத் தொட்டியின் 4 அங்குல பி.வி.சி. காற்றுக்குழாய் கூரை வழியாக வெளியே போகிறது. குழாயைச் சுற்றி இரண்டு முறை சிமென்ட் பூசியும் ஐப்பசி மழைக்கு ஒழுகி, மார்கழிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதைக்கடலை மூட்டைகள் நனைந்துவிட்டன. எதைப் பூசினால் ஒழுக்கு நிற்கும்?
- வாசகர், ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: எதைப் பூசினாலும் நிற்காது. பூச்சை நம்பியதுதான் இதில் கோளாறே.

வெயிலில் பி.வி.சி. குழாய் நீளும், இரவில் சுருங்கும். 3 மீட்டர் குழாய் 25 டிகிரி சூடேறினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். சுட்ட மண் ஓடு அதில் பத்தில் ஒரு பங்குகூட அசையாது. நடுவில் பூசிய சிமென்ட் இரண்டு பக்கமும் இழுபட்டு, குழாயை ஒட்டி மயிரிழை அளவுக்கு விடும். அந்த இடைவெளி தண்ணீருக்குப் போதும். போதாததற்கு, மேடாகப் பூசிய சிமென்டின் மேல்பக்கத்தில் வேப்பஞ்சருகு அடைத்து நிற்கும். ஓடி வரும் நீர் அங்கே தேங்கி, பக்கத்து ஓட்டின் இடுக்கில் இறங்கும். இன்னொரு தடவை பூசினால் மேடு உயரும், அவ்வளவுதான்.

ஓட்டுக் கூரை அடைப்பினால் மழையைத் தடுப்பதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்கார்ந்து, நீரை வாங்கிக் கீழே தள்ளிவிடுகிறது. குழாய் இருக்கும் இடத்திலும் அதே வேலை நடக்க வேண்டும். அதற்குத் தகடுதான் சரி.

தகர வேலை செய்பவரிடம் சொன்னால், குழாய் நுழையும் வட்டத்தைச் சுற்றி நான்கு விரல் உயரக் கழுத்து வைத்து ஜி.ஐ. தகடு அடித்துத் தருவார். தகட்டின் மேல் ஓரம், குழாய்க்கு மேலே உள்ள ஓட்டு வரிசையின் அடியில் குறைந்தது 6 அங்குலம் போக வேண்டும். கீழ் ஓரம் கீழ் வரிசை ஓட்டின் மேலே படிய வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக, நாலு பக்கமும் ஓட்டுக்கு மேலேயே வைத்து ஒட்டப்படுகிறது. அப்படி வைத்தால் தகடு போட்டும் பயனில்லை. மேல் ஓரத்தையும் பக்க ஓரங்களையும் ஓர் அங்குலம் மடக்கி நிமிர்த்திவிட்டால், காற்று அடித்து ஏற்றும் நீர் உள்ளே தாண்டாது. அலுமினியத் தகடு வளைக்கச் சுலபம். ஆனால் ஈரச் சிமென்ட் பட்டால் அரித்துப்போகும். அதோடு சேர்த்துப் பூசக் கூடாது.

கழுத்துக்கும் குழாய்க்கும் நடுவே கால் அங்குலம் சந்து இருக்கட்டும், குழாய் நீண்டு சுருங்க இடம் வேண்டும். சந்துக்கு மேலே குழாயில் குடை மாதிரி ஒரு தகட்டு வளையத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் மேல் விளிம்பில் மட்டும் சிலிக்கான் வைக்கலாம். சிலிக்கானுக்கு அங்கேதான் வேலை. சில ஆண்டுகளில் அது காய்ந்து விட்டாலும் மாற்றுவது எளிது. கூரைக்கு அடியில் குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்காவிட்டால், காற்றில் ஆடி எல்லாவற்றையும் தளர்த்திவிடும்.

ஓட்டை உளியால் கொத்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். கழற்றிக் கீழே கொண்டுவந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கட்டிங் மெஷினில் அறுக்க வேண்டும். கைமரத்தில் கை வைக்கவே கூடாது. அது குறுக்கே வந்தால், முழங்கை போட்டுக் குழாயைத் தள்ளிக்கொள்ளலாம். புதிதாகக் குழாய் விடுகிறவர்கள் முகட்டுக்குப் பக்கமாக விடுவது நல்லது, அங்கே ஓடி வரும் நீர் குறைவு. இரண்டு கூரை சேரும் கூடுவாயில் விட்டால் எந்தத் தகடும் தாங்காது.

வெயில் அடிக்கும் நாளில் ஒரு முற்பகல் வேலை இது. நனைந்த ஓட்டில் ஏறுவது ஆபத்து, மழை விடும்வரை மூட்டைகளை வேறு அறையில் பலகை மீது அடுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். முடித்ததும் ஒருவர் உள்ளே நின்று பார்க்க, மற்றவர் தண்ணீரைக் குழாய்க்குக் கீழே இருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். எந்த உயரத்தில் ஊற்றும்போது சொட்டுகிறதோ அங்கேதான் குறை. நீர் கைமரத்தோடு ஓடி வந்து வேறிடத்தில் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

நனைந்த கடலையை உடனே தனியாகப் பிரித்துக் காய வைக்க வேண்டும். விதைக்கடலையில் ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு 100 பருப்பை ஈரச் சாக்கில் முளைக்கட்டிப் பார்த்து, 70க்குக் குறைந்தால் விதைப்பைக் கைவிட்டு வேறு விதை தேடலாம். பூஞ்சணம் பிடித்ததை எண்ணெய்க்கும் ஆட்ட வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம். அதிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும்.